யார் அந்த லவீனியா?

பிரெண்டிஸ் வீட்டில் என் பெயர் மேமி. எனக்கு முன்னால் அங்கே சமைத்துச் செத்துப்போனவளின் பெயர் அது. வேலைக்குச் சேர்ந்த அன்று "லவீனியா ராலின்ஸ்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வீட்டம்மா கையை வீசினாள்.

"அதெல்லாம் என் வாயில நுழையாது. மேமின்னே இருந்துட்டுப் போ."

பதினோரு வருஷம் இருந்தேன். செத்தவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "இதோ வந்துட்டேம்மா" என்று ஓடினேன். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷக் கோடையில் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய், வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுத்தேன். எங்கள் மிசிசிப்பி மாநிலத்தில் மனுக் கொடுத்தவர் பெயரை இரண்டு வாரம் ஊர்ப் பத்திரிகையில் போடுவார்கள். சட்டமே அப்படி. ஓட்டுரிமை உள்ள எவரும் "இவள் நடத்தை சரியில்லை" என்று எழுதிக் கொடுக்கலாம். வெள்ளைக்கார முதலாளிகள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். மறுநாள் எங்கள் கறுப்பர் தெருவில் யாருக்காவது வேலை போகும்.

"உனக்கென்ன பயம்?" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர் ஓரன். "அந்தம்மாவுக்குத்தான் உன் பேரே தெரியாதே. கமுக்கமா இரு. நாலு பிள்ளைங்க சாப்பிடணும்."

பட்ட அவமானம் ஒருநாளாவது உதவுகிறதே என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம்.

வியாழக்கிழமை காலை நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டம்மா பத்திரிகையை விரித்தாள்.

"மேமி, இந்த லவீனியா ராலின்ஸ் யாருடி? உங்க பக்கத்து ஆளாத்தான் இருக்கும்."

"ஏம்மா கேக்கறீங்க?"

"எங்க மாதர் சங்கத்துல ஆளுக்கொரு பேரா பிரிச்சுக்கிட்டோம். எனக்கு இவ. நடத்தை கெட்டவன்னு எழுதிக் கொடுக்கணும். குடிப்பாளா? புருஷன் உண்டா, இல்ல ஊர் மேயறவளா?"

"புருஷன் இருக்காரும்மா. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ."

"அது எனக்கு உதவாதே. நல்லா யோசிச்சுச் சொல்லு. உன்ன மாதிரியே எல்லாரும் இருந்துட்டா இந்த ஊர்ல பிரச்சினையே இல்ல, மேமி." பேனாவைத் திறந்தாள். "திருட்டுப் புத்தி உண்டா?"

'தெரியாதும்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும். அவள் பெற்ற மூன்றையும் குளிப்பாட்டி வளர்த்தவள் நான். அவள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பீ மூத்திரம் அள்ளியவள் நான். நான் திருடியா இல்லையா என்று இவளுக்கு நானே சாட்சி சொல்ல வேண்டுமாம்!

கொதிக்கிற காபிக் கெண்டியை அவள் பத்திரிகை மேலேயே டொக்கென்று வைத்தேன்.

"அவ திருடியா இருந்தா உங்க வெள்ளிக் கரண்டிதான் முதல்ல போயிருக்கும். எண்ணிப் பாத்துக்கோங்க. நான்தான் லவீனியா ராலின்ஸ்."

அவள் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். அவள் நிஜமாகவே அதிர்ந்துபோனாள்.

"பதினோரு வருஷமா என் வீட்டுல பொய்ப் பேர்லயா இருந்த?"

"நீங்க வெச்ச பேரும்மா அது!"

"குரல உயர்த்தாத, மேமி."

"லவீனியா."

அவள் காதில் வாங்கவில்லை, எழுத ஆரம்பித்திருந்தாள். சமையல் மேலங்கியை அவிழ்த்து நாற்காலியில் வீசிவிட்டு, நாங்கள் மிதிக்கக்கூடாத முன்வாசல் வழியாகவே வெளியேறினேன்.

அடுத்த மாதம் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். ஓரனும் கூட வந்தார். மனுவைத் தள்ளிவிட்டதாகச் சொன்ன பதிவாளன், காரணத்தை ராகம் போட்டு வாசித்தான்: "உண்மைப் பெயரை மறைத்து, கண்ணியமான ஒரு குடும்பத்தைப் பதினோரு ஆண்டுகள் ஏமாற்றியவள்."

"புது மனு ஒண்ணு குடுங்க" என்றேன்.

"இந்தத் தடவை எந்தப் பேர்லடி?" என்று இளித்தான்.

எங்கள் பெண்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'மிஸஸ்' போட்டு அந்த ஊர் வெள்ளைக்காரன் ஒருவனும் கூப்பிட்டதில்லை. எங்கள் ஆண்கள் அவர்கள் எதிரில் அப்படிச் சொன்னால் அடிதான். எனக்குப் பின்னால் நின்ற ஓரன் முன்னே வந்தார்.

"மிஸஸ் ராலின்ஸ்னு எழுதிக்கோங்க. எனக்கும் ஒரு மனு குடுங்க."