பெருசாக்கித் தரவா, சார்?

இதனால் உற்றார், உறவினர், பங்காளிகள், மற்றும் இதுவரை நம்மை இளக்காரமாகப் பார்த்த சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நமது குடும்பத்திலிருந்து ஒரு பெண்மணி உணவு நிர்வாகத் துறையில் பொறுப்பேற்றுக்கொண்டார்.

அண்ணன் எனக்குப் போனில் இப்படித்தான் சொன்னார். நான் மறுமுனையில் எழுந்து நிற்பேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். பொறுப்பேற்றவர் என் அண்ணி. ஐம்பதை நெருங்கும் வயதில் அவருக்கு முதல் வேலை. துறை என்பது பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பர்கர் கடை.

அண்ணன் வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அங்கே அவர் துணை மேற்பார்வையாளர். அதாவது, மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அதற்கப்புறம் கிடைத்த வேலை எதுவும் அவருடைய தகுதிக்கு எட்டவில்லை. தகுதியான வேலை வரும்வரை நாற்காலியில் காத்திருந்தார். காத்திருப்பதற்கும் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டியிருந்தது. மளிகைக்கடைக்காரர் அண்ணியைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பி மூட்டைகளைத் தட்ட ஆரம்பித்த அன்று, அண்ணி திரும்பி வரும் வழியில் பர்கர் கடைக் கதவில் 'ஆட்கள் தேவை' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தார். காலிப் பையோடு உள்ளே போய்விட்டார்.

ஒரு வாரம் பயிற்சி. கூடவே ஒரு கல்லூரிப் பெண்ணும் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம். மீசை இப்போதுதான் முளைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மேனேஜர் முதல் நாளே விளக்கிவிட்டார்.

"நாம பர்கர் விக்கல மேடம். அனுபவத்தை விக்கிறோம்."

"சரிப்பா."

"சார்."

"சரி சார்."

"யார் என்ன கேட்டாலும், 'பெருசாக்கித் தரவா, சார்'னு கேக்கணும். சிரிச்சுக்கிட்டே. யார் நிறைய பெருசு விக்கிறாங்களோ அவங்கதான் நம்ம குடும்பம்."

அந்தக் குடும்பத்தில் சேரத் தொப்பி போட வேண்டும். அண்ணியின் கொண்டை அதற்குச் சம்மதிக்கவில்லை. வாரம் முழுக்கத் தொப்பி அவர் தலைக்குச் சற்று மேலே நின்றபடிதான் வேலை பார்த்தது.

தொப்பிகூடப் பரவாயில்லை. அண்ணியின் உண்மையான சிக்கல், கல்யாணமான நாளிலிருந்து சோறு போட்ட பழக்கம். ஓர் ஆளைப் பார்த்தால் போதும், வயிற்றில் எவ்வளவு இடம் இருக்கிறதென்று அவர் கரண்டிக்குத் தெரிந்துவிடும். அந்த வீட்டில் ஒரு பருக்கை மிஞ்சி நான் பார்த்ததில்லை.

முதல் நாள், ஈர்க்குச்சி மாதிரி ஒரு பையன் ஃப்ரைஸ் கேட்டான். அண்ணி ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார்.

"பெருசாக்கித் தரவா, சார்?"

"சரி, குடுங்க."

"வேணாம்ப்பா. உன்னால முடியாது, மிச்சம் வைப்ப."

அடுத்து வந்தவர் இருமிக்கொண்டே கூல் டிரிங்க் கேட்டார். அவரிடம் பெருசைப் பற்றிய பேச்சே எழவில்லை. இந்தத் தொண்டையோடு ஐஸ் எதற்கு என்று கேட்டு, வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்பினார் அண்ணி.

மேனேஜர் ஃப்ரீசருக்குப் பின்னால் கூப்பிட்டார். "மேடம், அவர் தொண்டை அவரோட தொண்டை."

"ராத்திரி அவரு வீட்டுல யாரோ முழிச்சிருந்து வெந்நீர் வைக்கணும்ல சார்."

"அது நம்ம அனுபவத்துல வராது."

கல்லூரிப் பெண் நல்ல பெண். பக்கத்து கவுண்டரிலிருந்து அவளே தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தாள். "ஆன்ட்டி, நீங்க கேக்கவே கேக்காதீங்க. பில் மெஷின்ல பெருசுன்னு அமுக்கிடுங்க. அப்புறம் சிரிங்க."

சமையலறைச் சுவரில் ஒரு திரை. அதில் யார் எத்தனை பெருசு விற்றார்கள் என்று இரண்டு கோடுகள். அவளுடைய கோடு ஏணி போல ஏறியது. அண்ணியுடையது காய்ச்சல்காரன் மாதிரி படுத்தே கிடந்தது. பயந்துபோன அண்ணி வீட்டிலும் பழக ஆரம்பித்தார். அண்ணன் தட்டில் குழம்பு ஊற்றும்போது, "பெருசாக்கித் தரவா, சார்?" என்பார். சட்டியில் சிறுசுக்கே வழியில்லை.

வாரத்தின் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். முகத்தைப் பார்த்தால்தானே வயிறு தெரிகிறது? வருகிறவர்களின் சட்டைப் பொத்தானை மட்டும் பார்த்துப் பேசினார். கோடு மெல்ல எழுந்து உட்கார்ந்தது. ஆனாலும் எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அண்ணி மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த கொப்புளத்தை ஊதிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம்தான் தம்பி குறையுது. இதுவும் போச்சுன்னா எனக்கு வேற எந்தக் கதவைத் தட்டுறதுன்னு தெரியாது."

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். அதுவே ஒரு நிகழ்ச்சி. "நிர்வாகத்துல இதுக்கெல்லாம் ஒரு உத்தி இருக்கு," என்றார்.

உத்தி, போய்ச் சாப்பிடுவது.

சனிக்கிழமை மதியம், நேர்முகத் தேர்வுகளுக்கென்று வைத்திருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துப் போனார். சிலிண்டருக்காக அண்ணி டப்பாவில் போட்டிருந்த பணம் அவர் பையில் இருந்தது. கவுண்டரில் முன்பின் தெரியாதவர் போல நின்றார்.

"ஒரு பர்கர், ஃப்ரைஸ், கூல் டிரிங்க்."

அண்ணி பொத்தானைப் பார்த்தார். அது அவரே தைத்த பொத்தான்.

"பெருசாக்கித் தரவா, சார்?"

"தாராளமாக."

"என்னங்க, உங்களுக்குச் சுகர் இருக்கு."

"பின்னால மேனேஜர் நிக்கிறான். அமுக்கு."

அண்ணி அமுக்கினார்.

அண்ணன் சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றார். மறுபடியும் பெருசு. நான் பாதியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அண்ணன் மட்டும் கடமை தவறவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை கோட்டுக் காலருக்குள் இறங்கியது. உதடு வெளுத்திருந்தது.

"ஆன்ட்டி, அந்த அங்கிளுக்கு என்னமோ பண்ணுது," என்றாள் கல்லூரிப் பெண்.

"தெரியும்மா." அண்ணி கவுண்டருக்கு மேல் குனிந்தார். "போதும்ங்க. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். போய் உக்காருங்க."

"கோடு இப்ப சமமா நிக்குதாம், உள்ள பேசிக்கிறாங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அண்ணியின் விரல் பில் மெஷினுக்கு மேல் நின்றது. டப்பாவும் காலி, அடுப்பும் காலி. இனி திரும்பிப் போக எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

மேனேஜர் கைதட்டினார். "வாழ்த்துகள் மேடம். இனி நீங்க நம்ம குடும்பம்."

கல்லூரிப் பெண் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அழவில்லை. அண்ணி அப்போதுதான், பல நாளுக்குப் பிறகு, ஒரு முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஒரு நிமிஷம் நில்லும்மா," என்று அண்ணி சொல்வதற்குள் அவள் கதவைத் தாண்டிவிட்டாள்.

அண்ணன் கடைசிப் பெருசையும் முடித்துவிட்டு எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கடையில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒரு நிறுவனத்தின் வளர்ச்சியில் குடும்பத்தின் பங்கு என்பது..." என்று தொடங்கினார்.

தொடர முடியவில்லை. மேசை, கோட்டு, தரை, மேனேஜரின் ஷூ என்று எல்லா இடத்திலும் வாந்தி.

நிரந்தர ஊழியராக அண்ணி செய்த முதல் வேலை, அதைத் துடைத்தது.