அக்காளின் அளவு

தங்கையின் உடம்புக்கு எவரும் ஒருபோதும் அளவெடுத்ததில்லை. அந்தத் தையற்கடையில் அதற்குத் தேவையும் நேர்ந்ததில்லை. அக்காளைச் சுவரோரமாக நிறுத்தித் தோள், மார்பு, இடுப்பு என்று நாடாவை ஓட்டிவிட்டால் போதும். அந்த அளவில் வெட்டிய துணி இருவருக்குமே கச்சிதமாகப் பொருந்தும். கடையில் இருப்பவர்கள் அவர்களை ‘ஒரே அச்சு’ என்பார்கள்.

இருவரும் அங்கேதான் தைத்தார்கள். கடைக்குச் சொந்தக்காரன் தங்கையின் கணவன். துணியை வெட்டுபவனும் அவனே. பிறர் பேச்சை வெட்டுபவனும் அவனே. ஆகவே, அவன் முதுகுக்குப் பின்னால் அவனுக்குக் ‘கத்தரி’ என்று பெயர்.

தங்கைக்கு அடுத்தடுத்து இரண்டு பிள்ளைப்பேறுகள். இரண்டாவதில் அவள் பிழைத்ததே பெரிது. இருந்தும், மூன்றாவது வேண்டும் என்று கத்தரி முடிவுசெய்துவிட்டான். சுமக்கப்போகிறவளைக் கேட்க வேண்டும் என்னும் எண்ணம் அவனுக்குத் தோன்றவே இல்லை.

“இன்னொண்ணு பெத்தா நான் இருக்கமாட்டேன் அக்கா,” என்றாள் தங்கை, ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தபடியே.

“மாப்பிள்ளைகிட்டச் சொல்லேன்.”

“சொன்னேனே! ‘எங்கம்மா பெத்த மறுநாளே துணி துவைச்சாங்க’ங்கறார். அவங்க துவைச்சதைத்தான் நான் இன்னும் பிழிஞ்சுக்கிட்டிருக்கேன்.”

“அப்போ டாக்டர்கிட்டயாவது போயிட்டு வா.”

“எங்க போனாலும் கூடவே வருவார். டாக்டர் என்னை நாக்கை நீட்டச் சொன்னா, அவர்தான் நீட்டுவார்.”

அக்காள் சிரித்தாள், சிரித்து முடிக்குமுன் ஒரு முடிவுக்கும் வந்துவிட்டாள்.

அவள் ஓராண்டாகக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டுவருபவள். அதுவும் முறைப்படி. அவளைப் பார்த்த மருத்துவர் முதலில் இரத்த அழுத்தத்தை அளந்தார். புகைபிடிக்கும் பழக்கம் உண்டா, காலில் இரத்தம் கட்டியதுண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் அப்படி நேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக, “தலைவலி வருமா? வர்றதுக்கு முன்னால கண்ணுல வெளிச்சம் கிளிச்சம் தெரியுமா?” என்றார்.

“எனக்கு இல்லீங்க. அதெல்லாம் என் தங்கச்சிக்குத்தான்,” என்று அக்காள் சொன்னாள். அவளும் சிரித்தாள், மருத்துவரும் சிரித்துவிட்டு எழுதிக்கொடுத்தார்.

அதே மாத்திரையைத்தான் அவள் தங்கைக்கும் வாங்கினாள். அவள் நெஞ்சில் தீய எண்ணம் இம்மியளவும் இல்லை. தனக்குப் பொருந்திய சட்டை தங்கைக்குப் பொருந்துகிறது; தனக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளாமலா போகும்? வெட்டிய துணியைத் தன் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத் தங்கைக்குத் தைக்கும் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு அவளை நடத்திச் சென்றது.

“ஒண்ணா, ரெண்டா?” என்று மட்டும் மருந்துக்கடைக்காரர் கேட்டார். “ரெண்டு” என்றதும் இரண்டு அட்டைகளை உறையில் போட்டு நீட்டினார். இரண்டாவது யாருக்கு, அவளுக்கு வயதென்ன, உடம்பில் என்ன குறை என்று கேட்க அவருக்கு வாயில்லை. விற்பதற்குக் கையிருந்தால் போதும் என்று நினைத்தார் போலும்.

அட்டையோடு மடித்து வைத்திருந்த எச்சரிக்கைத் தாள், கத்தரியின் கண்ணில் பட்டுவிடக்கூடும். அக்காளும் தங்கையும் அதைப் படிக்காமலேயே கிழித்து, வெட்டுத்துணிகளோடு குப்பையில் சேர்த்தார்கள். மாத்திரை, தங்கையின் தையல் இயந்திரத்தருகே இருந்த பொத்தான் டப்பாவின் அடிக்குப் போயிற்று. மாலையில் கடையைப் பூட்டுமுன், பொத்தான் தேடுபவளைப்போல அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள்.

சிறுமியாக இருந்தபோதே தங்கைக்கு அந்தத் தலைவலி உண்டு. முதலில் பார்வையின் ஓரத்தில் வளைந்து நெளிந்து ஓர் ஒளிக்கோடு மின்னும். அது மறைந்ததும் மண்டையைப் பிளக்கும். “உனக்கு மட்டும் வீட்டுக்குள்ளயே மின்னல் வெட்டுதுடி,” என்று அக்காள் கேலி செய்வது வழக்கம். மாத்திரை தொடங்கிய பின்பு அந்த மின்னல் அடிக்கடி வந்தது.

“ஊசிமுனை ஓடுது அக்கா, பிடிக்கவே முடியலை,” என்றாள் தங்கை.

விளக்கு மங்கல் என்று அக்காள் கருதினாள். தன் மேசை விளக்கையே தூக்கிவந்து அவளுக்கு வைத்தாள். அன்பில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த மின்னலைப் பற்றித் தன்னிடமே ஒரு மருத்துவர் கேட்டார் என்பது மட்டும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

ஒரு நாள் முற்பகலில் தங்கையின் வலக்கையிலிருந்து துணி நழுவிற்று. குனிந்து எடுக்கப் பார்த்தாள், கை எழவில்லை.

“என்னம்மா, முதலாளி அம்மாவுக்கு இப்பவே தூக்கமா?” என்று, பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள் சீண்டினாள்.

“அது... அந்த... அது...” என்றாள் தங்கை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் தலையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். நரைத்த தலையும் களைத்த கண்களும் கொண்ட பெண் மருத்துவர் ஒருவர் வந்தார். கை கொஞ்சம் அசையத் தொடங்கியிருந்தது, பேச்சு திரும்பவில்லை.

“மூளைக்குப் போற இரத்தம் எங்கயோ தடைபட்டிருக்கு. இந்த வயசுல இது சும்மா வராது. ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?”

“ஒண்ணும் கிடையாதுங்க. தலைவலிக்குக்கூடச் சாப்பிடமாட்டா,” என்றான் கத்தரி.

“நான் அவங்களைக் கேட்டேன்.”

“அவதான் பேசலையே. பேசினாலும் நான்தான் சொல்லணும்.”

கட்டிலில் கிடந்தவள் அக்காளையே பார்த்தாள். பார்வை கெஞ்சிற்று. சொல்லச் சொல்லியா, சொல்லாதே என்றா? அக்காளுக்குத் தெரியவில்லை. அவள் மெல்லத் தலைகுனிந்துகொண்டாள்.

“காரணம் தெரியலைன்னா, அடுத்தது வராம என்னால தடுக்க முடியாது. அடுத்தது இப்படி லேசா வரும்னும் சொல்ல முடியாது,” என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கத்தரி நடைவழிக்கு வந்து சுவரில் சாய்ந்தான். அவன் அழுது அக்காள் அதுவரை பார்த்ததில்லை.

“நீங்க பக்கத்துல இருந்ததால பிழைச்சா, அண்ணி. உங்களைத் தவிர எங்களுக்கு யாரு இருக்கா?”

திட்டியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். கடைக்கு ஓடி, டப்பாவிலிருந்து அட்டையை எடுத்து எறிந்துவிட்டால் போதாதா? தங்கை இனி அதைத் தொடமாட்டாள், இவனுக்கும் தெரியாது, குடும்பமும் பிழைத்துப்போகும். கால் படிக்கட்டை நோக்கித் திரும்பியும்விட்டது. அப்போதுதான் அந்தப் பழைய கேள்வி அவள் காதில் விழுந்தது: கண்ணில் வெளிச்சம் தெரியுமா? தான் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலும் கூடவே விழுந்தது.

அவள் திரும்பி நடந்தாள். கத்தரியும் பின்னாலேயே வந்தான்.

“டாக்டர், அவ கருத்தடை மாத்திரை சாப்பிடறா. நான்தான் வாங்கிக்கொடுத்தேன். எனக்குன்னு பார்த்து எழுதினது. சின்ன வயசுலேயிருந்து அவளுக்குத் தலைவலிக்கு முன்னால கண்ணுல மின்னும்.”

மருத்துவரின் பேனா நின்றது. “அப்படி மின்னல் தெரியறவங்க இந்த வகை மாத்திரையைத் தொடவே கூடாதும்மா. உங்களைப் பார்த்தவங்க அதை ஏன் கேட்டாங்கன்னு நினைச்சீங்க?”

“இனிமே நிறுத்திட்டா...”

“நிறுத்தியாகணும். நிறுத்தினா உடனே கரு தங்கலாம். அதுவும் இப்போ ஆபத்து. வேற வழிகள் இருக்கு. எது அவங்களுக்குச் சரின்னு அவங்களைச் சோதிச்சுப் பார்த்துட்டு, அவங்ககிட்டயே பேசி முடிவெடுப்போம்.”

“என்னைக் கேக்காம எப்படி?” என்று கத்தரி குரலை உயர்த்தினான். பிறகு அக்காளின் பக்கம் திரும்பினான். “என் கடையில உக்காந்துக்கிட்டே எனக்குத் துரோகம் பண்ணியிருக்கீங்க. உங்க மெஷினை இன்னிக்கே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க!”

“உங்க சண்டையை வெளியே வச்சுக்குங்க,” என்றார் மருத்துவர். “இங்க நோயாளி அவங்க.”

அவன் வெளியே போனான். கதவை அறைந்து சாத்திய ஓசையில் கட்டில் அதிர்ந்தது.

செவிலி வந்து, தங்கையின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளந்தாள். அக்காள் கட்டிலோரமாக நின்றாள். வேலை போயிற்று, தங்கை வீட்டு வாசலை இனி மிதிக்க முடியுமோ, முடியாதோ. தங்கை வீடு திரும்பிய பின் அங்கே என்ன நடக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருந்தது.

தங்கையின் உதடுகள் அசைந்தன. சொல் வரவில்லை. கண்களில் கோபம் திரண்டது. மறுபடியும் முயன்றாள். வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக, கரகரப்பாக வெளியே வந்தன.

“உன்னை யாரு அக்கா அவர் முன்னாடி சொல்லச் சொன்னா?”

ஒரு சொல்லும் குறையவில்லை. ஒரு சொல்லும் இடம் மாறவில்லை.

“திட்டுடி,” என்றாள் அக்காள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “இன்னும் திட்டு.”