கானாவூர் மணப்பெண்

இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர் கல்யாணத்தைப் படம் பிடிக்கக் கெய்ரோவிலிருந்து அந்தக் கிராமத்துக்கு வந்திருந்த டைரக்டர் ராமிக்கு எல்லாம் கிடைத்துவிட்டன. கற்சாடிகள் கிடைத்தன, கழுதைகள் கிடைத்தன, விருந்தாளிகளாக உட்கார ஊரே திரண்டு வந்தது. மணப்பெண்தான் கிடைக்கவில்லை.

மின்யாவிலிருந்து வரவேண்டிய நடிகையை, அவளுக்கு நிச்சயமாகியிருந்தவன் காலையில் பஸ் நிலையத்திலேயே மறித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இன்னொருத்தன் பக்கத்தில் மணக்கோலத்தில் உட்காருவாயா என்று கேட்டானாம். ஊரில் பெண்ணா இல்லை என்று ராமி இந்தப் பக்கம் திரும்பினார். தேவாலய முற்றத்தில் நின்ற பெண்களெல்லாம் அவசரமாக வேறெங்கோ பார்த்தார்கள்.

"கல்யாணம் ஆகாதவ உக்காந்தா நாளைக்கு அவளை எவன் கட்டுவான்? ஆனவ உக்காந்தா புருஷன் காலை ஒடிச்சிடுவான்," என்றாள் உம்மு ஜிர்ஜிஸ். அந்த ஊரில் எந்தப் பேச்சிலும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அவளுடையதுதான். "பேசாம செத்துப் பிழைச்ச லாசரு கதையை எடுங்க டைரக்டரே. பொணமாப் படுக்க எங்க ஆம்பளைங்க எத்தனை பேர் வேணும்னாலும் வருவாங்க. வீட்லயும் அதைத்தானே செய்யறாங்க."

சிரிப்பு அடங்கியதும் அவள் கண் மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த இன்சாஃப் மேல் போய் நின்றது.

"ஏன், ரெண்டும் இல்லாத ஒருத்தி இருக்காளே."

இன்சாஃப் தலை தூக்கவில்லை. இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே கிடந்தது அவளே தைத்த மணப்பெண் அங்கி. உம்மு ஜிர்ஜிஸ் குத்தலாகத்தான் சொன்னாள். ஆனாலும் சொன்னது நிஜம். இன்சாஃபின் புருஷன் நஸ்மி வேலைக்கென்று லிபியா போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்திப் பிள்ளைகளும் பெற்றுக்கொண்டான். அவன் உயிரோடு இருக்கிறான், ஆகவே கல்யாணமும் உயிரோடு இருக்கிறது என்பது திருச்சபையின் கணக்கு. மறுமணத்துக்கு அனுமதி கேட்டு மேலிடத்துக்குப் போன மனுவுக்கு வருஷா வருஷம் ஒரே பதில்தான்: பார்க்கலாம். பார்த்துப் பார்த்து அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

அந்த அனுமதிக்காக ஊரில் இன்னொரு ஆளும் காத்திருந்தார். கணக்கு வாத்தியார் லபீப். அவர் வேறு பெண் பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை என்று யாரிடமும் சொல்லவுமில்லை. சொல்லாமலே ஊருக்குத் தெரியும். தேவாலயத்தில் அவர் ஆண்கள் பக்கம், இவள் பெண்கள் பக்கம். பண்டிகைக்குப் பண்டிகை வாசலில், "வாழ்த்துகள் இன்சாஃப்." "உங்களுக்கும் வாத்தியாரே." இத்தனை வருஷத்தில் அவர்கள் பேசிய மொத்தப் பேச்சும் அதற்குள் அடங்கிவிடும்.

நல்ல தாடி இருக்கிறது என்று ராமி மணமகனாகத் தேர்ந்தெடுத்து உட்காரவைத்திருந்தது அந்த லபீபைத்தான்.

"முகத்துல திரை போட்டுட்டா வயசு தெரியாது," என்றார் ராமி. அவருக்கு எதுவும் தெரியாது, பாவம். வெளிச்சம் போய்விடுமே என்பது மட்டும்தான் அவர் கவலை. "என்ன அபூனா, வெறும் படம்தானே?"

எல்லோரும் பாதிரியாரைப் பார்த்தார்கள். அபூனா பிசந்தி பெரியவர். இன்சாஃபின் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு கெய்ரோவுக்கு நடையாய் நடந்தவரும் அவர்தான். தாடியை நீவிக்கொண்டார்.

"உக்காரும்மா," என்றார் கடைசியில். "படம்தானே."

அங்கியை அவள் ஒரு சின்னப் பெண்ணின் அளவுக்குத் தைத்திருந்தாள். இடுப்பில் இறங்கவில்லை. பக்கத் தையலைப் பிரித்துவிட்டு, ஊசி குத்தி நிறுத்திக்கொண்டாள். வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, அதற்கெல்லாம் மேலே ஆசையாக இருந்தது. அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவரிடம் சாக்பீஸ் வாசனை வரும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"பசிக்குதா?" என்றார் லபீப், உதடு அசையாமல்.

"இல்ல."

"எனக்குப் பசிக்குது. ஆனா அந்த ரொட்டியத் தொட்டுடாதே. காலைலேருந்து வெயில்ல காயுது. கடிச்சா பல்லு போயிடும்."

திரைக்குள்ளே சிரிப்பு வந்துவிட்டது. இப்படி அற்பமாகப் பேசிக்கொள்ளத்தானே இத்தனை வருஷம் ஏங்கினோம் என்று நினைத்தாள். உடனே சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த சிக்கல் கிரீடத்தில் வந்தது. மணமக்கள் தலையில் கிரீடம் வேண்டும் என்றார் ராமி.

"கானாவூர்ல ஏதுய்யா கிரீடம்? அதெல்லாம் நம்ம சபை வந்தப்புறம் வந்த வழக்கம்," என்றார் அபூனா.

"கிரீடம் இல்லாம கல்யாணம்னா நம்ம ஜனம் நம்புமா? யாரோ விருந்து சாப்பிடறாங்கன்னு நெனச்சுப்பாங்க."

அபூனா தோற்றுப்போனார். ஆனால் தேவாலயத்துக் கிரீடங்களை அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. ஆகவே அவருக்கே ஒரு பழங்கால அங்கியை மாட்டி, கைகள் மட்டும் படத்தில் தெரிகிற மாதிரி நிறுத்திவைத்தார் ராமி.

கேமரா ஓடியது. அபூனா முதலில் லபீபின் தலையில் வைத்தார். பிறகு இன்சாஃபின் தலையில். உலோகம் திரைக்கு மேலே கனமாக உட்கார்ந்தது. இரண்டு கிரீடங்களின் மேலும் அவர் உள்ளங்கைகள் படிந்தன. வாழ்நாளெல்லாம் அந்தக் கைகள் அப்படிப் படிந்தபோதெல்லாம் கூடவே கல்யாண ஆசீர்வாதம் சொல்ல வாயும் திறந்திருக்கிறது. அன்றைக்கும் திறந்தது.

"பிதாவானவர் இவர்களை மகிமையினாலும் கனத்தினாலும் முடிசூட்டுகிறார்."

விருந்தாளிகளில் பாதிப் பேர் தேவாலயத்துப் பாடகர்கள். அவர்களுக்கும் பழக்க தோஷம்தான். "ஆமென்!" என்று ராகத்தோடு முழங்கினார்கள்.

"குமாரனானவர் இவர்களை ஆசீர்வதிக்கிறார்."

"ஆமென்!"

உம்மு ஜிர்ஜிஸ் தன்னை மறந்து குலவையிட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இன்சாஃப் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். இன்னும் பரிசுத்த ஆவியின் பெயரால் ஒரு வாக்கியம். அதுவும் வந்துவிட்டால் அப்புறம் எந்த மேலிடமும் பிரிக்க முடியாது.

அபூனாவின் வாய் திறந்தபடியே நின்றது. எங்கே இருக்கிறோம், யார் தலையில் கை வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. குலவை ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

"இன்னும் ஒண்ணுதான் அபூனா," என்றாள் இன்சாஃப். திரைக்குள்ளிருந்து வந்த குரல் அவருக்கும் லபீபுக்கும் மட்டும் கேட்டது. "அதையும் சொல்லிடுங்க."

பெரியவர் அவள் பக்கம் குனிந்தார்.

"அது என் கையில இல்ல மகளே. இருந்திருந்தா என்னிக்கோ சொல்லியிருப்பேன்." அவசர அவசரமாக இரண்டு கிரீடங்களையும் எடுத்துவிட்டார்.

"ஐயோ, ஏன் எடுத்தீங்க? நல்லா வந்துட்டு இருந்துச்சே!" ராமி தலையில் அடித்துக்கொண்டார். "முதல்லேருந்து போகலாம்."

இரண்டாம் தடவை அபூனா உதட்டை இறுக்கிக்கொண்டு வைத்தார். இன்சாஃப் தலையை முன்னைவிடத் தாழ்த்திக்கொண்டாள். ஒருமுறை வழுக்கிய நாக்கு இன்னொருமுறை வழுக்காதா? வழுக்கவில்லை. நிழல் விழுந்தது என்று மூன்றாம் தடவை எடுத்தார்கள். கைகள் படிந்தன, கனம் இறங்கியது, ஒரு சத்தமும் இல்லை.

"போதும், அருமை!" என்றார் ராமி. "இது முடிஞ்சுது. சாடிகளைக் கொண்டு வாங்க."

அபூனா கிரீடத்தை எடுக்கக் கை நீட்டினார். அன்று முழுக்கக் கேமராவுக்கு முன்னால் ஒரு வார்த்தைகூடச் சத்தமாகப் பேசியிராத லபீப் அப்போது வாய் திறந்தார்.

"டைரக்டரே, என் தலை ஆடிடுச்சு. இன்னொரு தடவை எடுங்க."

ஆடவேயில்லை. பக்கத்தில் இருந்த இன்சாஃபுக்குத் தெரியும்.

அபூனாவுக்கும் தெரியும். அவர் ராமியைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிரீடங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பவும் வந்து அவர்கள் பின்னால் நின்றார். இன்சாஃப் தலையைக் குனிந்தாள்.