முந்தி வந்த சேதி

ஒளியை முந்திப் போக எதனாலும் முடியாது என்று பெனிஷா டீச்சர் அன்று காலை பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்டிபட்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அவளுக்கு இயற்பியல். ஏன் முடியாது என்று அனுஷ்கா என்ற பெண் விடாமல் கேட்டாள். முக்கி முயன்று ஓடினால் ஆகாதா என்று நினைக்கிற பிள்ளை. பெனிஷா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, சரி, முடியும் என்றே வைத்துக்கொள்வோம், என்ன கூத்து நடக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தாள். ஒளியை முந்துகிற சேதி ஒன்று இருந்தால், எங்கேயோ யாரோ ஒருவருக்கு அது காரியம் நடப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். கண்ணாடி உடைந்த சத்தம் முதலில் கேட்கும், கல்லை எறிவது பிறகுதான் நடக்கும். அப்படிப்பட்ட உலகத்தில் மனுஷர் குடியிருக்க முடியாது என்றாள்.

அவளுக்கு எங்கள் ராயப்பன்பட்டி மேல் எப்போதுமே ஓர் எரிச்சல் உண்டு. வாழ்க்கைப்பட்டு வந்த ஊர். தினமும் இங்கிருந்துதான் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறாள். இங்கே ஒருத்தருக்கு ஜலதோஷம் பிடித்தால் தெரு முனைக்குப் போவதற்குள் அது நிமோனியா ஆகிவிடும் என்பாள். புருஷன் ஆரோக்கிய பிரபு அதற்குச் சிரிப்பான். அவன் திராட்சை வியாபாரி. கம்பம் பக்கத்துத் தோட்டங்களில் பழத்தைப் பேசி முடித்து லாரி ஏற்றுகிறவன்.

அன்று காலை சின்னமனூர் பக்கத்தில் அவன் பைக்கை ஒரு கார் தட்டிவிட்டுப் போய்விட்டது. பின்னால் ஏலக்காய் மூட்டையோடு வந்த குமுளிக்கார வேன் டிரைவர் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நினைவு தப்புவதற்கு முன் பிரபுதான் அண்ணன் மிக்கேலின் நம்பரைச் சொல்லியிருக்கிறான். பெனிஷாவுக்குப் போன் போட்டால் பயந்துவிடுவாள் என்று நினைத்திருக்கிறான், பாவம்.

அந்த மலையாளி டிரைவர் போனில் மிக்கேலிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, அடி கொஞ்சம் மோசம்தான், வீட்டிலிருந்து யாராவது உடனே வரவேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அவருக்குத் தெரியாது. நாங்கள் சாவை யாருக்கும் போனில் சொல்வதில்லை. செத்துப்போனவரைத்தான் கொஞ்சம் மோசம் என்போம், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்போம், கிளம்பி வா என்போம். கேட்கிறவரும் உயிர் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கமாட்டார். கேட்டால் இல்லையென்று சொல்லவேண்டிய பாவத்தை எதிராளி தலையில் வைத்ததாகிவிடும். மிக்கேல் போனை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தைப் பார்த்தே எதிர்வீட்டில் அழுகை ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் எல்லாம் தானாக நடந்தது. கோயிலில் துக்க மணி அடித்தார்கள். விபத்தில் போன உடம்பு அறுத்துத்தான் வரும் என்று இரண்டு பேர் நேராக அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனார்கள். அப்படி யாரும் இன்னும் வரவில்லை என்று அங்கே சொன்னதை, போலீஸ் பேப்பர் முடியவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். பிரபு படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. குமுளிக்காரருக்குத் திரும்பப் போன் போட்டபோது அவர் மலை ஏறிவிட்டார், டவர் கிடைக்கவில்லை.

பெனிஷாவை அழைத்துவர அவள் தம்பி ஜஸ்டின் காரோடு போனான். மச்சானுக்குச் சின்ன அடி, தேனியில் இன்ன ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, பயப்படாதே என்று சொல்லித்தான் ஏற்றினான். வழியெல்லாம் அவன் கண்ணாடியில்கூட அக்காளைப் பார்க்கவில்லை. தேனிக்குள் நுழைந்து அந்த ஆஸ்பத்திரி போர்டு தெரிந்ததும் அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கனதானடா? நிறுத்து."

"வேணாம்க்கா. வீட்டுக்கே கொண்டு வந்துருவாக."

அவ்வளவுதான். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கார் ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து வீரபாண்டிப் பக்கம் போய்விட்டது. எதற்கெடுத்தாலும் நிரூபணம் கேட்கிறவள், கண்ணுக்கு முன்னால் இருந்த கட்டடத்துக்குள் ஒருதடவை போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்களாக இருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம். அதுதான் பயமாக இருக்கிறது.

ஊர் முக்கில் பிளக்ஸ் கட்டிவிட்டார்கள். கல்யாணப் போட்டோவில் இருந்து பிரபுவை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். அவன் தோளை ஒட்டி அவளுடைய பட்டுச்சேலைக் கரை கொஞ்சம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டு முன்னறையில் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து கரண்டும் கொடுத்திருந்தார்கள். அது உள்ளே ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. மேலே யாரோ ஒரு மாலையைப் போட்டிருந்தார்கள். பெண்கள் அவளை அதன் பக்கத்தில் உட்காரவைத்து, தலைப் பூவை எடுத்து, கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். கண்ணாடிமேல் பனி படர்ந்துகொண்டே வந்தது. அவள் அதில் தலைசாய்த்து, உள்ளே அவன் கிடப்பதாகவே நினைத்து அழுதாள். மனதார அழுதாள்.

துக்க வீட்டில் போனைப் பெண்சாதி கையில் கொடுக்கமாட்டார்கள். பெனிஷாவின் போன் தங்கச்சி மெர்லினிடம் இருந்தது. வெயில் தாழ்கிற நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வந்தது. யாரோ துக்கம் கேட்கிறார்கள் என்று அவளும் திரும்பத் திரும்ப வெட்டிவிட்டாள். பிறகு சலித்துப்போய் எடுத்தாள். எடுத்தவள் போனை நீட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் வந்தாள்.

"அக்கா... மச்சான் பேசுறாக."

பக்கத்தில் இருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் போனையே பார்த்தார்கள். பின்கட்டில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது, அவர்கள் பாட்டுக்கு மாரடித்துக்கொண்டிருந்தார்கள். பெனிஷா போனைக் காதில் வைத்தாள். பிரபுதான். அவன் போன் விபத்தில் நொறுங்கிவிட்டதால் நர்சின் போனிலிருந்து அடித்திருந்தான். ஏம்மா இன்னும் வரவில்லை என்று கேட்டான். குரல் எங்கேயோ கிணற்றடியில் இருந்து வந்ததுபோல் இருந்தது. பக்கத்தில் என்ன இத்தனை சத்தம், யார் அழுகிறார்கள் என்று கேட்டான். இதோ வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

திரும்ப அதே கார், அதே ஜஸ்டின். அவனுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். பெனிஷாவுக்கு சந்தோஷம் வரவில்லை. சேதி முந்தி வந்துவிட்டது. மணி அடித்தாகிவிட்டது, அழுதாகிவிட்டது, ஊரே முறையாகக் கேட்டு ஏற்றுக்கொண்டாகிவிட்டது. இனி நடக்கவேண்டியதுதான் பாக்கி, அது பின்னாலேயே வந்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவளுக்கு இந்தப் புத்தி கூடாதுதான். ஆனால் அது நடப்பதற்குள் போய்விடவேண்டும், அவனைக் கையில் பிடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் நெஞ்சில் வேறொன்றும் இல்லை. சின்னமனூர் நெரிசலில் கார் நின்றபோது கீழே இறங்கி ஓடப் பார்த்தாள்.

அவன் உயிரோடுதான் இருந்தான். கால் எலும்பு முறிந்திருந்தது, விலா எலும்பில் விரிசல், தலையில் தையல். ஆபத்து தாண்டியாகிவிட்டது, ஒரு மாதத்தில் எழுந்து நடந்துவிடுவார் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பெனிஷா கட்டிலோரம் உட்கார்ந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தாள். அதை முந்திவிட்டேன் என்றுகூட நினைத்தாள்.

பிரபு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவிழ்ந்து கிடந்த கூந்தல், வீங்கிய முகம், கன்னத்தில் ஐஸ் பெட்டிக் கண்ணாடி பதிந்த சிவப்பு. போனில் கேட்ட அழுகை யாருக்கு என்று இப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறொன்றைத்தான் கேட்டான்.

"ஆண்டிபட்டியிலருந்து வீட்டுக்கு இந்த வழியாத்தான போன?"

அவள் தலையசைத்தாள்.

"மத்தியானமா?"

"ஆமாங்க."

அவன் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே மெயின் ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப எனக்கு முழிப்புத் தட்டிருச்சு, பெனி. நர்சு கதவத் தொறக்கும்போதெல்லாம் நீதான் வர்றன்னு பாத்துக்கிட்டே கெடந்தேன்."

அவன் கோபித்துச் சொல்லவில்லை. அவளைக் குற்றம் சொல்லவும் இல்லை. சொல்லி முடித்துவிட்டு, அவள் பிடித்திருந்த கையை மெதுவாக உருவி, போர்வைக்குள் வைத்துக்கொண்டான்.