தெய்வாத்தாள் மறுபடி எடுத்த பாடம்

மொக்கைச்சாமி சார் 'கல்வியும் பண்பாடும்' பாடம் எடுத்தால் மணி அடித்ததுகூடத் தெரியாது. "பிள்ளை தனியா பள்ளிக்கூடம் வர்றதில்ல. வீட்டையும் கூட்டிக்கிட்டுத்தான் வருது" என்று அவர் சொன்ன அன்று, பி.எட். வகுப்பே அசந்துபோய் உட்கார்ந்திருந்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. நானும் பெரிய ஞானம் பெற்றவள்போல அதை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்தேன். அந்த வரியின் அர்த்தம் எங்களில் ஒருத்திக்கு மட்டும் ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவள் தெய்வாத்தாள். திருப்பூர் ராயபுரத்துக்காரி. அம்மா பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்தாள், அப்பா சாயப்பட்டறையில். பக்கத்தில் உட்கார்ந்தால்கூடக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய குரல். என் குரல் நாலு தெரு தாண்டும். எங்கள் இரண்டு பேரையும் இன்னும் சிலரோடு சேர்த்துக் கற்பித்தல் பயிற்சிக்காகப் பல்லடம் ரோட்டில் இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள்.

எட்டாம் வகுப்பு. பாதிப் பிள்ளைகள் உள்ளூர், மீதிப் பேர் பனியன் வேலைக்காக மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள். தெய்வாத்தாளுக்கு ஆவியாதல் பாடம். சார் கடைசி பெஞ்சில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்தார்.

"தொவைச்ச பனியனைக் கொடியில போட்டா, அதுல இருந்த தண்ணி எங்க போகுதுங்க? நல்லம்மா, நீங்க சொல்லுங்க கண்ணு."

ஒல்லியான ஒரு பெண் எழுந்து, "வெயில் குடிச்சுருதுங்க டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது, தெய்வாத்தாளும் சிரித்தாள். சார் மட்டும் சிரிக்கவில்லை.

பாடம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் விமர்சன வகுப்பு. பாடம் எடுத்தவரை நிற்கவைத்து மற்றவர்கள் நிறை குறை சொல்லும் சடங்கு அது. அன்றைக்கு யாரையும் பேசவிடாமல் சாரே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, நீ பாடம் எடுத்தியா, கல்யாணத்துக்கு அழைச்சியா? வாங்க, சொல்லுங்க, உக்காருங்க! எட்டாப்புப் பிள்ளைய நீன்னு கூப்பிட வராதா? எங்க தேனிப் பக்கம் இப்படிப் பேசினா வாத்தியார் தலையில பிள்ளைங்க ஏறி உக்காந்துரும். வகுப்புக் கட்டுப்பாடு சுத்தமா இல்ல. நாளைக்கு மறுபடி எடு. இதே மாதிரி எடுத்தா பாஸ் போட மாட்டேன்."

எனக்கு வாய் துறுதுறுத்தது. வீட்டையும் கூட்டிக்கொண்டு வரும் பிள்ளை எங்கே போனது என்று கேட்டிருப்பேன். தெய்வாத்தாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

பஸ்ஸில்தான் விஷயத்தைச் சொன்னாள். "தேறுலீன்னா பனியன்ல பழுது பாக்கற செக்கிங் டேபிள்தான் புள்ள. அம்மா கம்பெனில எடம் சொல்லியே வெச்சிருக்குது. இந்த ஒரு வருசந்தான்னு பேசித்தான் படிக்கவே உட்டாங்க."

ராயபுரம் வரும்வரை அவளுக்கு அதட்டப் பழக்கினேன். "எந்திரி" என்று அவள் சொன்னது, பக்கத்து வீட்டில் உறை மோர் கேட்பதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இறங்கும் முன் ஒருவழியாக ஒரு அதட்டல் தேறியது.

மறுநாள் அதே வகுப்பு, அதே பாடம், கடைசி பெஞ்சில் அதே சார்.

"நல்லம்மா, எந்திரி. நேத்து என்ன படிச்சோம்? சொல்லு."

நல்லம்மாள் எழுந்தாள். முகம் செத்துவிட்டது. எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில், என்றும் மரியாதையாகப் பேசுகிறவர் திடீரென்று அந்த 'ங்க'வை எடுத்துவிட்டால் உறவு முறிந்தது என்று அர்த்தம். சம்பந்திச் சண்டைகள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். அந்தப் பெண் பனியன் துணியில் தைத்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"டீச்சர், நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்? வெளிய போயி நின்னுக்கறேனுங்க."

"அவ ஒண்ணும் பேசல டீச்சர், நான்தான் பேசினேன்" என்று தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். அவன் வாயே திறக்கவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து வகுப்பே நின்றது. "கோவிச்சுக்காதீங்க டீச்சர்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

தெய்வாத்தாள் சாரைப் பார்த்தாள். அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். இன்னும் அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொள்ளடி என்று மனசுக்குள் கத்தினேன். அவள் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு நல்லம்மாளிடம் போனாள். பையைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள்.

"தப்பு என்ற மேலதானுங்க கண்ணு. நீங்க ஒக்காருங்க. எல்லாரும் ஒக்காருங்க."

அதற்கப்புறம் அவள் நடத்தியதுதான் பாடம். சாயப்பட்டறை ஆவி, இட்லிச் சட்டி மூடியில் நிற்கும் தண்ணீர் எனப் பிள்ளைகள் அள்ளிக் கொட்டினார்கள். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

வேப்பமரத்தடியில் சார் மதிப்பெண் தாளைப் பார்த்துக்கொண்டே, "உங்க ஊர்ல எல்லா வாத்தியாரும் இப்படித்தான் பேசுவாங்களா?" என்றார்.

"இல்லீங்க சார்" என்றாள் தெய்வாத்தாள். "ஊட்ல எங்கப்பா என்னைய வாங்க சாமின்னுதானுங்க கூப்புடுவாரு. பள்ளிக்கூடத்துல அடியே, ஏ புள்ளதானுங்க. ஊட்டு மருவாதி பள்ளிக்கூட வாசல்லயே நின்னுக்கும். அதையும் உள்ள கூட்டிட்டு வரோணும்னுதானுங்க டீச்சராகோணும்னு நெனச்சேன். நீங்க பெயில் போட்டாலும் செரிங்க, செக்கிங் டேபிளுக்குப் போயிக்கறேன். அந்தப் புள்ளைய இன்னொருக்கா அப்படி எந்திரிக்கச் சொல்ல என்னால முடியாதுங்க."

குரல் அதே மெல்லிய குரல்தான். ஆனால் ஒரு சொல்லுக்கும் நாங்கள் காது கொடுக்க வேண்டியிருக்கவில்லை. என் நாலு தெருக் குரலை வைத்துக்கொண்டு நான் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. அவள் பக்கத்தில் உட்காரக் கிடைத்ததே எனக்குப் பெருமையாக இருந்தது.

சார் தாளை மடித்தார். "நாளைக்கு ராமாத்தாள் பாடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் என் பாடத்துக்காக நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெய்வாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் தூங்கவில்லை என்று முகமே சொன்னது. சார் உள்ளே வந்தார். அவருடைய கடைசி பெஞ்சில் அன்று முன்னால் இடமில்லாமல் நல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள். பதறி எழப் போனாள். சார் தொண்டையைச் செருமினார்.

"இருக்கட்டும். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கண்ணு."

தேனிக்காரர் வாயில் அந்தக் 'கண்ணு' கொஞ்சமும் ஒட்டவில்லை. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சார் உட்கார்ந்து தாளை விரித்து, தலை நிமிராமலே சொன்னார்.

"தெய்வாத்தாள், அந்தச் செக்கிங் டேபிள் இடத்தை வேற யாருக்காவது குடுத்துரச் சொல்லுங்க, உங்க அம்மாகிட்ட."

"செரிங்க சார்" என்றாள். அது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.