ஆதாரம் போதாது

விளையாட்டு வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருந்தது. நான்காம் வகுப்பு டீச்சர் கடைசிக் கட்டுரையை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஏதாவது ஒன்றை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எழுத வேண்டும். அதற்கு ஆதாரம் தர வேண்டும். கேள்விப்பட்டது ஆதாரம் ஆகாது, கண்ணால் பார்த்ததை எழுது என்பது அவள் சொல்லிக்கொடுத்த பாடம். பிள்ளைகள் எழுதித் தள்ளியிருந்தார்கள். ‘வீட்டுப்பாடம் வேண்டாம். ஆதாரம்: எங்கள் அப்பாவுக்கே விடை தெரியவில்லை.’ அதற்குச் சிரித்துக்கொண்டே மார்க் போட்டிருந்தாள்.

இதற்குச் சிரிப்பு வரவில்லை. எழுதியவள் வாலு. வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும்.

‘கடைசி பெஞ்சுக்காரர்களை முன்னால் உட்கார வைக்க வேண்டும். காரணம்: டீச்சருக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. ஆதாரம் ஒன்று: நான் கை தூக்கினேன். டீச்சர் என் தோழியின் பெயரைச் சொன்னார். அவள் அன்று லீவு. ஆதாரம் இரண்டு: நான் நாக்கை நீட்டினேன். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆதாரம் மூன்று: சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. டீச்சர் அதையே பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.’

ஒரு வரி பொய் இல்லை. முழு மார்க் தர வேண்டிய கட்டுரை.

கண்ணாடி மாற்றினாலும் தேறாது என்று கண் டாக்டர் சொன்னதை டீச்சர் தன் வீட்டில்கூடச் சொல்லவில்லை. கணவனுக்கு வேலை போனதிலிருந்து குடும்பம் அவள் தலையில் இருந்தது. போன வருடம் காது மந்தமான பாட்டு டீச்சரைத் தலைமை ஆசிரியை பூச்செண்டு கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

வகுப்பில் அதிக மார்க் வாங்கிய கட்டுரையும் குறைந்த மார்க் வாங்கியதும் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சரிபார்க்கப் போகும். அங்கிருந்து தலைமை ஆசிரியையின் மேஜைக்கு. நடுவில் கிடப்பதை ஒருவரும் புரட்டுவதில்லை.

“என்னக்கா, பேப்பரை மோந்து பாக்கறீங்க? வாசனைக்கும் மார்க் உண்டா?”

குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டாள். பக்கத்து வகுப்பு டீச்சர்.

“என் கிளாஸ் பசங்க கையெழுத்தைப் பாத்தா நீயும் மோந்துதான் பாப்ப.”

“அது சரி. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு எடுத்து வைங்க. பெரியம்மா இன்னிக்கே கேக்கறாங்க. வந்து வாங்கிக்கறேன்.”

பெரியம்மா என்பது தலைமை ஆசிரியைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். காலடி ஓசை தேய்ந்தது.

சிவப்புப் பேனாவை எடுத்தாள். கை வரவில்லை. கிழித்துப் போடலாம், வாலு கேட்பாள். பத்துக்கு ஐந்து என்று போட்டாள். அடியில் ‘ஆதாரம் போதாது’ என்று எழுதினாள். எழுதிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வேர்வையும் புழுதியுமாக வந்து விழுந்தார்கள். மேலும் கீழுமாக இரண்டை எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றைக் கொடுத்தாள். வாலு தாளைப் படித்தாள். நேரே மேஜைக்கு வந்தாள்.

“டீச்சர், எந்த ஆதாரம் தப்பு?”

“தப்புன்னு சொல்லல. போதாதுன்னுதான் சொன்னேன்.”

“மூணும் நான் கண்ணால பாத்தது.”

“மெதுவா பேசும்மா.”

“நான் உங்களைக் குறை சொல்லல டீச்சர். முன்னாடி உக்காந்தா நான் கை தூக்கறது உங்களுக்குத் தெரியும்ல, அதுக்குத்தான்.”

“சரி. போய் உக்காரு.”

வாசலில் யாரோ வந்து நின்றார்கள். வெளிச்சத்துக்கு நடுவே ஒரு கறுப்பு. பக்கத்து வகுப்பு டீச்சராக இருக்கலாம். பெரியம்மாவே இறங்கி வந்திருக்கலாம். அந்த உருவம் வாய் திறக்கவில்லை. முதல் பெஞ்சில் பேச்சு நின்றது. டீச்சர் அந்தப் பக்கம் பார்த்துப் பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்து வைத்தாள்.

வாலு நகரவில்லை. தாளைத் திருப்பி மேஜைமேல் வைத்து, பென்சிலைத் தயாராகப் பிடித்துக்கொண்டாள்.

“நாலாவது ஆதாரமும் எழுதிடறேன் டீச்சர். வாசல்ல நிக்கறது யாரு?”