இரண்டு பட்டியலில் ஒரு பெயர்

“நீ போட்டியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு.”

“போட்டேன். இன்னா இப்ப?”

“யாரக் கேட்டுப் போட்ட?”

“பொண்ணு பேர எடுக்கச் சொல்லி பெத்தவன் கையெழுத்துப் போட்டா, அதுக்கு ஊரக் கூட்டிக் கேக்கணுமா?”

தேசப்பன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கரையில் இழுத்துப் போட்டிருந்த படகின் விளிம்பில் உட்கார்ந்து, வலை கட்டுவதற்கான கழிகளை ஒவ்வொன்றாக எடுத்து நுனியைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். சீவிய சிராய்கள் அவர் காலடியில் ஈர மணலில் ஒட்டிக் கிடந்தன. அவருடைய மகள் சுபஸ்ரீ பொன்னேரி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே ஏரிக்கரைக்கு வந்திருந்தாள். தோளில் கல்லூரிப் பை, காலில் செருப்பு. பஸ்ஸில் வந்த நேரமெல்லாம் மனத்துக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் மரியாதையானவை. அப்பாவின் முதுகைப் பார்த்ததும் அவை எங்கேயோ போய்விட்டன.

விஷயம் இதுதான். சுபஸ்ரீ பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. இந்த வருஷத்திலிருந்து அவள் கல்லூரியில் ஒரு புது ஏற்பாடு வந்திருந்தது. சேர்ந்த பாடம் சேர்ந்தபடி இருக்கும். விருப்பப்பட்டவர்கள் அதோடு வேறொரு துறையின் பாடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மைனர் என்று பெயர். சாயங்காலம் ஒரு மணி நேரம், சனிக்கிழமை அரை நாள். தேறினால் பட்டத்தில் இரண்டு பாடத்தின் பெயரும் வரும். அனுப்பம்பட்டிலிருந்து ரயிலில் வரும் பவித்ரா கம்ப்யூட்டர் எடுத்தாள். வகுப்பில் பாதிப் பேர் வணிகவியலுக்குப் போனார்கள். சுபஸ்ரீ புவியியல் எடுத்தாள்.

ஏன் என்று பவித்ரா கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. புவியியல் துறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. வானத்திலிருந்து எடுத்த ஏரியின் படம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் தெரிந்தது, மணல் திட்டுகள் தெரிந்தன. அப்பா தினமும் பெயர் சொல்லிப் பேசுகிற இடங்கள் மட்டும் வெறும் நீலமாகக் கிடந்தன. மணி அடித்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். கணக்கில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. போட்ட கணக்கைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அது அந்த நீலத்துக்குள் இருக்கிறது என்று தோன்றிவிட்டது. முப்பது பேர் பட்டியலில் இருபத்தெட்டாவதாகத் தன் பெயரைப் பார்த்த அன்று அவள் சாப்பிடாமலே தூங்கிப்போனாள். பசி ஞாபகத்துக்கே வரவில்லை.

இன்று புவியியல் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தபோது இருபத்தேழுக்குப் பிறகு இருபத்தொன்பதைக் கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டாள். கிளார்க் ஒரு தாளை எடுத்து நீட்டினார். அப்பாவின் கோணல் எழுத்து. ‘என் மகள் சுபஸ்ரீ பெயரை இன்னொரு பாடத்தில் இருந்து எடுத்து விடவும். கணக்கு பாடத்தில் அப்படியே இருக்கட்டும். தயவு செய்யவும். தேசப்பன்.’

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நைனா?”

“நீ எங்கிட்ட கேட்டியா? காலேஜுலேர்ந்து போனுக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் வருது. ஐஸ் கம்பெனி பிரசாந்தப் புடிச்சுப் படிக்கச் சொல்றேன். உம் பொண்ணு வேற எடத்துலயும் பேரு எழுதிக்கினாளாம்னு சொல்றான். எம் பொண்ணப் பத்தி அவன் சொல்லி நான் தெரிஞ்சிக்கணும்.”

“சொன்னா இப்பிடித்தான் செய்வேன்னு தெரியும். அதான் சொல்லல.”

“ஓகோ.” தேசப்பன் கழியைத் திருப்பினார். “இன்னா படிப்பு அது, பூகோளமா? தெனம் காலு நனையற ஏரி. அத்தப் பாக்க மேடம் பஸ்ஸேறிப் பொன்னேரிக்குப் போறாங்க.”

பக்கத்துப் படகில் வலையை உதறிக்கொண்டிருந்த சடையன் சிரித்தார். தேசப்பனை விட இரண்டு வயது இளையவர். யார் வீட்டில் சண்டை நடந்தாலும் அதைக் கேட்க வசதியான தூரத்தில் அவருக்கு ஒரு வேலை இருக்கும்.

“பூகோளப் படத்துல பாத்தா மீனு தெரியுமாம்மா?” என்றார்.

“உங்க வேலையப் பாருங்க மாமா.”

“பெரியவங்களாண்ட இன்னாடி பேச்சு?” என்று கேட்டுக்கொண்டே சுபஸ்ரீயின் அம்மா செல்வம்மாள் வந்தாள். மீன் விற்றுவிட்டு வந்தவளின் இடுப்பில் காலி அலுமினியத் தட்டு. “பஸ் நிக்கிற எடம் வரிக்கும் கேக்குது ஒங்க சத்தம். இன்னாய்யா?”

“உம் பொண்ணயே கேளு.”

“நைனா காலேஜுக்குப் போயி என் பேர எடுத்துட்டாரு. எனக்கு ஒண்ணு கெடச்சா இவருக்குப் பொறுக்காது. படிக்காத ஆளு, தெரியாத விஷயத்துல எதுக்கு மூக்க நீட்டணும்?”

சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

தேசப்பன் கத்தியைப் படகு விளிம்பில் குத்தி நிறுத்தினார். முதல் முறையாக அவளைப் பார்த்தார்.

“தெரியாத விஷயமா? ரெண்டு எடத்துல பேரு எழுதனவன் கதி எனக்குத் தெரியாதா? உங்க பெரியப்பன் எங்க கீறான்? சொல்லு.”

“எளாவூர்ல.”

“எளாவூர்ல இன்னா பண்றான்?”

“டீக்கடையில கீறாரு.”

“டீக்கடையில இன்னா, மொதலாளியா?”

பெரியப்பா அங்கமுத்து செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் கிளாஸ் கழுவுவது ஊருக்கே தெரியும். ஏன் என்பதும் தெரியும். இறால் ஓடுகிற நல்ல இடங்கள் ஏரியில் சிலதான். அதில் இறங்க முறை உண்டு. பாடு என்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கோயிலில் கூடிச் சீட்டுக் குலுக்கிப் பட்டியல் எழுதுவார்கள். பட்டியலில் பேர் வந்தவனுக்கு முறைநாளில் இடம். அன்றைக்கு அவனே தண்ணீரில் இறங்க வேண்டும். அண்ணன் தம்பியை அனுப்பினால் செல்லாது. இறங்காவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஒருவனுக்கு ஒரு பட்டியல். அங்கமுத்து யாருக்கும் தெரியாமல் மாமியார் ஊர்ப் பட்டியலிலும் பெயரை எழுதிவைத்தார். ஒரு பருவம்கூட மறைக்க முடியவில்லை. இரண்டு ஊரும் ஒரே வாரத்தில் அவர் பெயரை அடித்தன. கோயிலில் வைத்து, உங்க அண்ணன் அங்கேயும் எழுதினது நிஜமா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னவர் தேசப்பன்.

சுபஸ்ரீக்கு அந்தக் கடிதத்தின் இரண்டாவது வரி இப்போதுதான் புரிந்தது. கணக்கு பாடத்தில் அப்படியே இருக்கட்டும். தயவு செய்யவும். அவர் அவளைத் தடுக்கப் போகவில்லை. அடிபட இருந்த பெயரைக் காப்பாற்றப் போயிருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அன்று அவள் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான்.

“சிரிக்கிறா பாரு,” என்றார் தேசப்பன் மனைவியிடம். அவர் குரல் தணிந்துவிட்டது. தணிந்தால்தான் அவரிடம் பயம். “சோறு போட்டுப் படிக்க வெச்சேனே, நல்லா சிரிக்கட்டும்.”

“காலேஜு இன்னா பாடா நைனா? அங்க ரெண்டுலயும் பேரு இருக்கலாம். அவங்களேதான் எழுதச் சொன்னாங்க. இத எடுத்தா அது போவாது.”

“மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவான். அப்பறம் ஒருநாளு கூப்புட்டு, நீ ரெண்டுத்துலயும் கீற, ரெண்டும் இல்லன்னுவான்.”

“யாரு சொல்லுவான்? இதோ போன்ல கீது, படி.”

“நான்தான் படிக்காதவனாச்சே.”

செல்வம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். “இருடி. அந்தக் கணக்குப் படிப்பு போவவே போவாதா?”

“போவாதும்மா. ரெண்டு பாடத்துப் பேரும் பட்டத்துல வரும்.”

“அப்ப இந்தாளு எதுக்குப் போயி எடுத்தாரு?”

சடையன் வலை உதறுவதை நிறுத்தியிருந்தார். செல்வம்மாள் புருஷனைப் பார்த்தாள். “அண்ணன் பேரு அடிச்சப்ப ஆமான்னு தலையாட்டின. இப்ப பொண்ணு பேர நீயே போயி அடிச்சிட்டு வந்துகீற. உனக்கு வேற வேலையே இல்லியாய்யா?”

தேசப்பன் கத்தியைப் பிடுங்கி அடுத்த கழியை எடுத்தார். ஏற்கெனவே சீவிய கழி அது. அதையே திரும்பவும் சீவினார்.

“எடுத்தது எடுத்தாச்சு. ஒரு படிப்பு படிச்சா போதும். ஊருல எல்லாரும் ஒண்ணத்தான் படிக்கிறாங்க.”

தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதை அந்தக் கழியைப் பார்த்தே சுபஸ்ரீ கண்டுகொண்டாள். தெரிந்த பிறகும் இறங்கி வராத ஆளிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் தெரியவில்லை.

“திரும்பச் சேக்கலாம்,” என்றாள். “நாளைக்குப் பதினோரு மணிக்குப் பட்டியல மூடறாங்க. அதுக்குள்ள எழுதிக் குடுத்தா போதும்.”

“எழுதிக்க. யாரு வேணாங்கறா?”

“நான் எழுதினா செல்லாது. எடுக்கச் சொன்னவரே நேர்ல வரணுமாம். லெட்டர் குடுத்தனுப்பட்டுமான்னு கேட்டேன். கையெழுத்த நீயே போட்டுக்கினு வந்தா எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்குறாரு கிளார்க்கு. போன்ல பேசினாலும் ஒத்துக்க மாட்டாராம். என் எடத்துக்கு ஏழு பேரு காத்துகினு கீறாங்க.”

“நாளைக்கா?” என்றார் தேசப்பன்.

இப்போது அவர் சிரித்தார். அவள் சிரித்ததைவிட மோசமான சிரிப்பு.

நாளை அவருடைய முறை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவது, ஒவ்வொரு தடவையும் வேறு இடம். அதிலும் நாளைக்கு அமாவாசைக்கு அடுத்த நாள். முகத்துவாரத்தை ஒட்டிய இடம். நீர் வற்றும்போது இறால் கூட்டமாகக் கடலை நோக்கி ஓடுகிற நாள். இடமும் நாளும் இப்படிச் சேர்ந்து அமைந்து இரண்டு வருஷம் ஆகிறது. விடிந்ததும் கழி நட்டு வலை கட்டினால் மதியம் நீரோட்டம் திரும்பும்வரை தண்ணீரை விட்டு ஏற முடியாது. அவர் சீவிக்கொண்டிருந்த கழிகள் எல்லாம் அதற்குத்தான்.

“நல்லா நாளு பாத்துக் கேட்ட. அந்தக் கிளார்க்கு வந்து எனக்கு வல கட்டுவானா?”

“நீ கெடுத்தது. நீதான வந்து சரி பண்ணணும்.”

“உன்ன யாரு திருட்டுத்தனமா எழுதச் சொன்னது? மொதல்லியே சொல்லியிருந்தா நான் ஏன் போறேன்?”

அவர் சொன்னது சரி என்பதால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. “கடன் கேக்கல, நக கேக்கல. ஒருநாளு வரச் சொல்றேன்.”

“எந்த ஒருநாளுன்னு தெரிஞ்சிதான கேக்குற?”

“தெரிஞ்சிதான் கேக்குறேன்.”

“இன்னா தேசப்பா,” என்று சடையன் படகிலிருந்தே குரல் கொடுத்தார். பட்டியலில் தேசப்பனுக்கு அடுத்த பெயர் அவருடையது. “காலையில வர்லன்னா இப்பவே சொல்லிடு. நான் கழி வெட்டிக்கிறேன். பாவம், பொண்ணு படிப்பு கெடக்கூடாது.”

“நீ மூடிக்கினு போடா,” என்றார் தேசப்பன்.

செல்வம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். சற்று முன்பு புருஷனைக் குத்திய அதே வாய். “இந்த ஒரு பாடு போச்சுன்னா பதினஞ்சு நாளைக்கு நான் எத்தத் தூக்கிக்கினு தெருத்தெருவா போறது? உன் பூகோளத்தயா? பேசாம வூட்டுக்கு வா.”

சுபஸ்ரீ அசையவில்லை. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். வெயில் ஏரிக்கு மேல் சாய்ந்து கண்ணைக் கூச வைத்தது. அந்தப் படத்தில் வெறும் நீலமாகக் கிடந்த இடம் எது என்று அவள் தேடினாள். இங்கிருந்து பார்த்தால் அது நீலமாக இல்லை. அழுக்குப் பச்சையாக, நடுவில் யாரோ நட்டுவிட்டு எடுக்க மறந்த கழிகளோடு இருந்தது. அதற்கும் ஒரு பெயர் இருக்கும். அப்பாவிடம் கேட்டால் சொல்வார். இன்றைக்குக் கேட்க முடியாது.

தேசப்பன் கழிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டத் தொடங்கினார். ஒரு கையால் பிடித்து மறுகையால் கயிறு சுற்றப் பார்த்தார். கட்டு நழுவி நழுவிப் போயிற்று. எப்போதும் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது அவள்தான். இன்று அவர் கூப்பிடவில்லை. மூன்றாவது தடவை நழுவியபோது ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்; கழியைச் சொன்னாரா, அவளைச் சொன்னாரா, தெரியவில்லை.

அவள் செருப்பைக் கழற்றிப் பையின் மேல் வைத்தாள். சேற்றில் இறங்கிப் போய்க் கட்டின் மறுமுனையை இறுக்கிப் பிடித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார், தேவைக்கு அதிகமான பலத்தோடு.

“இத வெச்சி மயக்கலாம்னு பாக்காத,” என்றார்.

“மயக்கல.”

கட்டு முடிந்துவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. பக்கத்துப் படகில் சடையன் தன் வலையை மடிக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

“காலையில ஏழு மணிக்கு ஒரு பஸ்ஸு கீது,” என்றாள் சுபஸ்ரீ. “என்னோட வா நைனா.”